தயிர் உறைந்ததற்குச் சாட்சி

ஒருவரைப் பற்றி அலுவலகக் கோவையிற் பாதகமான குறிப்பொன்றை எழுதுவதற்கு முன்னர் அவருடைய விளக்கத்தைக் கேட்டல் வேண்டும். கேளாமல் எழுதியிருப்பின், எழுதியதை அவருக்கு அறிவித்தல் வேண்டும். முப்பத்தாறு வருட அரச சேவையில் இந்த விதியை எத்தனையோ தடவை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அது கடைப்பிடிக்கப்பட்டதை வாழ்நாளில் இரண்டு தடவை கண்டிருக்கிறேன். ஓய்வூதியம் பெறுகிறவள் என்ற முறையில் இதை இப்போது அச்சமின்றிச் சொல்லலாம். அந்த இரண்டில் முதலாவது நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. கடைப்பிடிக்க வைத்தவர் என் அம்மா. ஆண்டைச் சொல்லமாட்டேன், சொன்னால் என் வயதைக் கணக்குப் பார்ப்பீர்கள்.

பழுகாமத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் உப தபாற்கந்தோர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சேரும் என்பதால் வீடு அம்மாவுடையது. கந்தோரும் அம்மாவின் பொறுப்பு. ஆகவே அப்பா, தன் வீட்டு முன்வாசலால் நுழைவதென்றால் தனக்கும் முத்திரை ஒட்ட வேண்டும் என்று வயல் வட்டைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டார். காலை எட்டு மணிக்கு யன்னல் திறக்கும். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அவருடைய சொந்தத் தம்பி முத்திரை வாங்க வந்து, அந்த ஐந்து நிமிடமும் வெயிலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். யன்னலுக்கு உள்ளே இருந்தபடியே அம்மா அவரிடம் வீட்டுச் சுகம் விசாரித்துக்கொண்டிருந்தார். முத்திரையை மட்டும் கொடுக்கவில்லை.

அந்த வருடம் மாவட்டத்துப் பாடசாலைகளுக்கு ஓர் ஆங்கிலப் போட்டி அறிவித்தார்கள். அறிவித்த கந்தோரின் பெயர் வேண்டாம். அதைப் போன்ற பலவற்றில் நானும் பின்னாளில் மின்விசிறிக்குக் கீழே இருந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் ஒரு சொல்லை எடுத்து, அதன் வெவ்வேறு பொருள்கள் விளங்குமாறு பொருளுக்கு ஒரு வசனம் எழுத வேண்டும். முதற்பரிசு, தடித்த அட்டை போட்ட ஆங்கில அகராதி. எங்கள் பாடசாலையிலும் ஓர் அகராதி இருந்தது. கறையான் அதைப் பின்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கி, நான் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது ‘ஆர்’ எழுத்துவரை முடித்திருந்தது. எனக்கு அந்தப் பரிசின்மேல் வந்த ஆசையை, அரிசியை நினைத்துக்கொண்டு பசியோடு தூங்குகிறவனின் ஆசை என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆங்கில வாத்தியார் தன்னாமுனைக்காரர். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்புவார். அவர்தான் தன் வீட்டு அகராதியைப் பார்த்துச் சொல்லைத் தெரிந்தெடுத்துக்கொண்டு வந்தார். சொல், ‘செற்’ (set).

“மூண்டே எழுத்து, பிள்ளை. ஆனா இதுக்கு மட்டும் அகராதியில பக்கம் பக்கமாப் போகுது. வாசிச்சி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தேத்தண்ணி ஆறிப்போச்சு.”

ஒரு பிள்ளை எங்கள் ஊரைச் சுற்றிக் காணக்கூடியவை என்று அவர் முப்பத்தொரு பொருளைக் குறித்து வந்திருந்தார். பொழுது படுவது செற். தயிர் உறைவது செற். முறிந்த எலும்பைப் பொருத்துவது செற். கோழியை அடைவைப்பதும், மோதிரத்தில் கல் பதிப்பதும், மரமரியும் வாளின் பற்களை ஒன்றுவிட்டொன்று வளைப்பதும், அச்சகத்தில் எழுத்துக் கோப்பதும், மணிக்கூட்டைச் சரியான நேரத்துக்குத் திருப்புவதும் செற். வாவியில் வலையை விட்டுவைப்பது செற், ஒருவன்மேல் நாயை ஏவிவிடுவது செற், கோபத்தில் முகம் இறுகுவது செற். ஒரே மாதிரியான ஆறு கோப்பைகளும் செற்.

அப்பா பட்டியலைக் கேட்டுவிட்டு வெற்றிலையை மறுபக்கக் கன்னத்துக்கு மாற்றினார். “வெள்ளைக்காரன் ஒரே சொல்ல வச்சி ஊர் வேலையெல்லாம் வாங்கியிருக்கான். பாவம் அந்தச் சொல்லு, ஒரு நாள் லீவு கிடைச்சிருக்குமா அதுக்கு?”

அன்று எனக்கு அது பெருமையாக இருந்தது. நாங்கள் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே ஒரு சொல் செய்து வைத்திருக்கிறோம், அவர்கள் ஒன்றைக்கொண்டு சமாளிக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது. நிலையில்லாமல் இருந்த ஒன்று தன் இடத்தில் நிற்கத் தொடங்குவதைத்தான் அவர்கள் பாலிலும் கண்டிருக்கிறார்கள், எலும்பிலும் கண்டிருக்கிறார்கள். எங்களுக்கு வேலை தெரிந்தது. அவர்களுக்கு அந்த ஒற்றுமை தெரிந்தது. இரண்டும் கெட்டித்தனந்தான். நாய் விஷயத்தில் மட்டும் இந்த விளக்கம் சரிவராது.

போட்டி விதி ஆறு இப்படி இருந்தது: ‘வசனங்கள் மாணவர் நேரிற் கண்டவற்றைப் பற்றியனவாக இருத்தல் வேண்டும். அதற்குச் சான்று இணைக்கப்படல் வேண்டும்.’ மற்றப் பாடசாலைகள் இதை எப்படி நிறைவேற்றின என்று பின்னர் அறிந்தேன். அடியில் தலைமையாசிரியர் ‘சரி’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் விதியை வாசித்தவர், பதிவுக் கடிதம் ஒன்றைக் கொடுப்பதற்குப் பெறுபவரின் கையொப்பமும், அவரை அறியாவிட்டால் அவரை அறிந்த இன்னொருவரின் கையொப்பமும் கேட்கிறவர்.

“முப்பத்தொரு விசயம் கண்டதெண்டா முப்பத்தொரு சாட்சி வேணும்,” என்றார் அம்மா. “தலைமை வாத்தியார் ஒண்டையும் காணல்லயே. காணாததுக்கு அவர் எப்பிடிக் கையெழுத்து வைக்கிற?”

இந்தக் கேள்விக்கு அரச சேவை இன்றுவரை பதில் சொல்லவில்லை.

அம்மா ஒரு கொப்பிக்குக் கோடு போட்டுத் தந்தார். இலக்கம், பொருள், கண்டது என்ன, கண்ட இடம், உடனிருந்தவர், அவருடைய கையொப்பம் அல்லது இடது பெருவிரல் அடையாளம். விரல் அடையாளத்துக்கு மை வேண்டும். கந்தோரில் மைப்பெட்டி இருந்தது. ஆனால் அது அரசாங்கத்தின் மை. அப்பா விளக்குக் கரியையும் தேங்காயெண்ணெயையும் குழைத்து ஒரு பழைய சிகரெட் தகரத்தில் அடைத்துத் தந்தார். விடுமுறை தொடங்கியதும் தகரத்தோடும் கொப்பியோடும் நான் புறப்பட்டேன்.

முதலில் போனது தயிர் மாமியிடம். அவர் அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா. வாவிக்கரையில் எருமை வளர்த்து, காலையில் தயிர் முட்டிகளைப் பாதையில் ஏற்றி அக்கரைச் சந்தைக்குக் கொண்டுபோவார். பாதை என்று நாங்கள் சொல்வது, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை. அன்று மாமி சந்தைக்குப் போகவில்லை. பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி, முட்டியைச் சாக்கால் மூடினார். நான் பக்கத்தில் குந்தினேன்.

“எவ்வளவு நேரமாகும் மாமி?”

“அது உறையக்குள்ள உறையும். நீ என்னத்துக்கு அதுக்குக் காவல் இருக்காய்?”

“கண்ணால காணோணும். அம்மா சொன்னவ.”

“உங்கம்மாவும் ஒரு ஆள்! நீ இப்பிடி முழிச்சிப் பாத்தா அது வெக்கத்தில உறையாது கா.”

தயிர் உறைவதை நேரிற் கண்டவர் உலகில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். நானும் கண்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. சாக்கைத் தூக்கிப் பார்த்தபோதெல்லாம் அது பாலாக இருந்தது. வெயில் மேற்கே சாய்ந்த பிறகு ஒரு தடவை தூக்கியபோது தயிராக இருந்தது. இடையில் நடந்தது என்னவென்று இன்றும் எனக்குத் தெரியாது. மாமி கையை மூன்று தரம் சேலையில் துடைத்துவிட்டு விரலை நீட்டினார். “காணி உறுதிக்குத்தான் இதுவரைக்கும் விரல் வச்ச. தயிருக்கு வைக்கிறது இண்டைக்குத்தான்,” என்றார். கொப்பியில் பதிந்த அந்தக் கரிய வட்டத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் அவ்வளவு இலேசில் இணங்கவில்லை. பொழுது பட்டதற்குப் பாதை வலிப்பவரைச் சாட்சியாகக் கேட்டபோது அவர் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “பொழுது படுறதுக்கு நான் சாட்சியா? நாளைக்கு அது உதிக்கல்லண்டா ஆரைப் பிடிப்பாங்க? என்னையத்தான்.” பாதையில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து உத்தரவாதம் கொடுத்த பிறகே கையொப்பம் வைத்தார். எங்கள் தபால்காரர், நாய் ஏவப்பட்டதற்குக் கேளாமலே சாட்சி சொல்ல வந்தார். ஏவியவரின் பெயர், நாயின் நிறம், கடித்த இடம் எல்லாவற்றையும் எழுதும்படி நின்றார். அம்மா பெயரை வெட்டிவிட்டார். சைக்கிளில் உடுக்கும் சாரம் விற்க வரும் காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்), வானொலியில் நேரம் சொல்லும்போது தன் கைமணிக்கூட்டைச் சரிசெய்கிறவர். அவர் கொப்பியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் பேனையை எடுத்தார். “மகள், நான் பொய்க்குக் கையெழுத்து வைக்கிற ஆளில்ல. நேரம் எட்டே கால், அதையும் எழுதிக்கோங்க.”

முறிவு பார்க்கும் பரியாரியாரிடம் சாட்சி எடுப்பதுதான் பிந்தியது. யாராவது கையை உடைக்கும்வரை இரண்டு வாரம் காத்திருந்தேன். கடைசியில் பெரியப்பாவின் மகன் மாமரத்திலிருந்து விழுந்து உதவினான். பரியாரியார் எலும்பைப் பொருத்தி மூங்கிற் பத்தை வைத்துக் கட்டி முடித்ததும், அவன் அழுதுகொண்டிருக்கையிலேயே நான் கொப்பியை நீட்டினேன். கிழவர் சிரித்துவிட்டு அழகான பழைய எழுத்தில் கையொப்பம் வைத்தார். முகம் இறுகியதற்குச் சாட்சி அப்பா. யாருடைய முகம் என்ற இடத்தில் ‘இவ்வீட்டு உப தபாலதிபர்’ என்று எழுதினோம்.

கொப்பி பதிவுத்தபாலிற் போனது. மூன்று மாதம் கழித்து, பாடசாலை முகவரிக்கு ஒரு குறிப்போடு திரும்பி வந்தது.

‘இம்மாணவியின் ஆக்கத்துடன் முப்பத்தொரு வளர்ந்தோரின் கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன. எனவே வளர்ந்தோரின் உதவி பெறப்பட்டமை மாணவியாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. மேலும் இவர்களுட் பலர் எழுத்தறிவற்றோராதலால், தாம் அறியாத ஒன்றுக்குப் பொய்ச்சாட்சி அளித்துள்ளனர். நிராகரிக்கப்பட்டது.’

முதற்பகுதியைத் தொழில்முறையில் நான் பாராட்டுகிறேன். விதி கேட்ட சான்றைக் கொடுத்ததையே குற்றத்துக்குச் சான்றாக்குவது எல்லாருக்கும் வராது. சேவையில் நானே ஒன்றிரண்டு தடவைதான் செய்திருக்கிறேன். அன்று எனக்கு அது விளங்கவில்லை. அகராதி போய்விட்டது என்பது மட்டும் விளங்கியது. பாடசாலையிலிருந்து வீடுவரைக்கும் அழுதுகொண்டு போனேன்.

வாத்தியார் நல்ல மனிதர். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை பாதையில் போகும்போது, பக்கத்தில் நின்றவரிடம் அந்தக் குறிப்பை இரகசியமாகச் சொல்லி மனவருத்தப்பட்டிருக்கிறார். பாதையில் சொல்லப்படும் இரகசியம் அக்கரைக்கு ஆளுக்கு முந்திப் போய்ச் சேரும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவர் தயிர் மாமியிடம் கேட்டாராம்: “இது அந்தப் பொய்க்கு விரல் வச்ச தயிரா? பாலோ, தண்ணியோ?” சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அதற்கடுத்த நாளும் கேட்டிருக்கிறார்கள். தயிரில் தண்ணீர் கலந்தார் என்ற பேச்சை ஒருநாளும் வாங்காத மாமி, அன்று இரண்டு முட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டுக்குப் போகவில்லை. நேரே எங்கள் யன்னலுக்கு வந்து, முட்டிகளைக் கீழே வைத்தார்.

“மச்சாள், நான் பொய்ச்சாட்சிக்காரியெண்டு எழுதியிருக்காங்களாம். மெய்யா?”

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். அம்மாவுக்கு அது வராது.

“ஓம் மச்சாள். அப்பிடித்தான் எழுதியிருக்கு.”

“என்னட்ட ஒரு சொல்லுக் கேக்காமலா?”

“கேக்காமத்தான்.”

மாமி யன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் புள்ள வெயிலுக்குள்ள குந்திக் கிடந்து பாத்திச்சே,” என்றார். பிறகு முட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சின்னப் பிள்ளை நான் எட்டிப் பார்த்ததற்கு, “உன்னால வந்த வினை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் சொல்லவில்லை.

உள்ளே அம்மாவின் முகம் இறுகியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா அவரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னார்: “அண்டைக்கு நான் கையெழுத்து வச்சது அவசரப்பட்டுப் போச்சு மகள். அசல் இதுதான்.”

அம்மா கந்தோர் மூடும் நேரம்வரை பொறுத்திருந்தார். அரசாங்க நேரத்தில் சொந்த அலுவல் கூடாது. மூடிய பிறகு, தன் காசில் வாங்கிய தாளில், இடையில் கார்பன் வைத்து, நான்கு பக்கம் எழுதினார். யாரையும் பார்க்க விடவில்லை. வாத்தியார் வந்து, “விடுங்க அக்கா, பெரிய இடம். புள்ளைக்கு அடுத்த வருசம் பாப்பம்,” என்று கெஞ்சினார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். அகராதியைத்தான் கேட்டு எழுதுகிறார் என்று எனக்கு நிச்சயம். அலுமாரியில் அதற்கு ஓரிடம் ஒதுக்கி, அதைத் தம்பி தொடாதபடி எச்சரித்தும் வைத்தேன்.

பதில் வரவில்லை. கடிதம் கிடைத்ததென்ற அட்டை மட்டும், யாருடையதென்று வாசிக்க முடியாத கையொப்பத்தோடு திரும்பி வந்தது. ஒரு மாதம் கழித்து அம்மா ஒரு நினைவூட்டற் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் இரண்டாவது. மூன்றாவதில், முதலிரண்டின் இலக்கங்களையும் பதிவுச்சீட்டு இலக்கங்களையும் மேலே வரிசையாக எழுதியிருந்தார். கோவையில் இப்படி ஒரு கடிதம் சேர்ந்தால் அதைத் தொலைப்பதற்கு மூன்று பேரின் ஒத்துழைப்பு வேண்டும் என்று இன்று எனக்குத் தெரியும். ஐந்தாவது நினைவூட்டலுக்குப் பிறகு, விசாரணைக்கு ஓர் உத்தியோகத்தர் வருவார் என்று அறிவித்தார்கள்.

அவர் வந்தார். யாழ்ப்பாணத்து இளைஞர், வெள்ளைக் காற்சட்டை, பாதையால் இறங்கும்போது முழங்கால்வரை சேறு. பாடசாலையில் ஒரு மேசையும் எதிரே வாங்குகளும் போட்டிருந்தார்கள். சும்மா நாலு பேரைக் கேட்டுவிட்டுப் பின்னேரப் பாதைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருப்பார். வாங்குகள் நிறைந்து, ஆட்கள் சுவரோடும் நின்றார்கள். முப்பத்தொருவரில் இருபத்தொன்பது பேர் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கல்லடியிலிருந்து வலைக்காரர் விடியமுன்னரே தோணி எடுத்திருந்தார். பட்டணத்து அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் விரல் நுனியில் மையோடு வந்தார். கோழியை அடைவைத்த அக்கா பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். பரியாரியார் அதற்கு முந்திய மாதம் இறந்துவிட்டார். அவருடைய மகன், தகப்பனின் கையெழுத்து உள்ள ஏட்டுச்சுவடி ஒன்றைத் துணியிற் சுற்றிக் கொண்டுவந்து, ஒப்பிட்டுப் பார்க்கும்படி மேசையில் வைத்தார்.

நான் வெள்ளைச் சட்டை போட்டு, முப்பத்தொரு வசனத்தையும் மனப்பாடம் செய்து, முன்வாங்கில் தயாராக இருந்தேன். என்னை அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

முதலில் தயிர் மாமியைக் கூப்பிட்டார்.

“இதிலை விரல் அடையாளம் வைச்சது நீங்களோ, அம்மா?”

“ஓம் சேர்.”

“என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமோ?”

“தெரியா சேர்.”

“தெரியாமல் எப்பிடி வைச்சனீங்கள்?”

மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். அவ்வளவு பேருக்கு முன்னால் அவர் பேசி நான் பார்த்ததில்லை. “எழுத்துத் தெரியா எண்டுதான் சொன்ன சேர். தயிர் தெரியா எண்டு சொல்லல்லயே. இந்தப் புள்ள காலத்தால வந்து முட்டிக்குப் பக்கத்தில குந்தினது. வெயில் மேற்கால கிறுகுமட்டும் அந்த இடத்த விட்டு எழும்பல்ல. பாலாக் கிடக்கக்குள்ளயும் கண்டது, தயிரான பொறகும் கண்டது. அதுக்குத்தான் நான் விரல் வச்ச. உங்கட பாசையில அதுக்கு என்ன பேரெண்டா எனக்கென்ன?”

“அது என்ரை பாசையுமில்லை, அம்மா,” என்றார் உத்தியோகத்தர்.

வாங்குகளில் முதலில் ஒருவர்தான் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மாமி மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப எழுதுங்க சேர், நான் பொய் சொல்லல்லண்டு,” என்று சொல்லி, அவர் எழுதி முடிக்கும்வரை பேனையின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாதை வலிப்பவர், பொழுது அதன்பிறகும் ஒழுங்காகப் பட்டுவருவதாக அறிக்கை கொடுத்தார். தபால்காரர் காற்சட்டைக் காலை மடித்துத் தழும்பைக் காட்டினார். வாக்குமூலத்தின் கீழே ஒப்பமிடச் சொன்னபோது காத்தான்குடிக் காக்கா பேனையை வாங்கவில்லை. “ஒருக்கா வச்ச கையெழுத்துக்கு ரெண்டாந்தரமும் கையெழுத்தா சேர்? அப்ப இந்த ரெண்டாவதுக்கு ஆரு சாட்சி?” உத்தியோகத்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவதற்குத் தானே சாட்சி என்றார். காக்கா திருப்தியோடு ஒப்பமிட்டார். கடைசிப் பாதை போய்விட்டதால் உத்தியோகத்தரை வலைக்காரரின் தோணியில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. அம்மா நாள் முழுவதும் பின்சுவரோடு நின்றார்.

ஒரு விசாரணை அறிக்கையை எழுத ஒரு பிற்பகல் போதும். எழுதியது ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக எட்டு மாதம் எடுத்தது. அதற்குள் நான் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டேன்.

அன்று தபாற்பை வந்ததும் அம்மா வழக்கம்போல முத்திரையை உடைத்து மேசையிற் கொட்டினார். நீளமான மண்ணிறக் கடித உறைகள், மேலே ‘அரச பணிக்கு’ என்று அச்சிட்டவை, சரிந்து நிலத்திலும் விழுந்தன. எங்கள் ஊருக்கு ஒரு வருடத்திலும் அத்தனை அரசாங்கக் கடிதம் வந்ததில்லை. நான் ஓடிப்போய்ப் பொறுக்கினேன். தயிர் மாமியின் பெயர். பாதை வலிப்பவரின் பெயர். பரியாரியாரின் பெயர். அப்பாவின் பெயர்கூட. மற்ற ஊர்க்காரருக்கும் அந்தந்த ஊர்த் தபாற்கந்தோருக்குப் போயிருக்கும் என்று அம்மா சொன்னார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். மீண்டும் ஒருமுறை பார்த்தேன்.

“அம்மா, எனக்கு வரல்லயா?”

“இல்ல.”

“உங்களுக்கு?”

“எனக்கும் இல்ல. நமக்கு ஏன் வாற? நாம கேக்கல்லயே.”

இதைச் சொல்லும்போது அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கந்தோர் நேரத்தில் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். அதுவே எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. ஒரு வருடமாக எழுதி எழுதி, கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்க மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அகராதி எப்போதோ வேறொரு பிள்ளையின் வீட்டுக்குப் போயிருந்தது. நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

அம்மாவின் விண்ணப்பத்தின் கார்பன் பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. நான்கு பக்கத்திலும் ‘பரிசு’ என்ற சொல் இல்லை. என் பெயர் ஒரே ஒரு தடவை, போட்டி இலக்கத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ‘மேற்படி முப்பத்தொருவரும் ஆங்கிலம் அறிந்ததாகக் கூறவில்லை, தத்தம் தொழிலை அறிந்ததாகவே கூறினர். அவர்களைப் பொய்ச்சாட்சிகள் என எழுதுமுன் கேட்டிருத்தல் வேண்டும். எழுதியதை மீளப்பெற்று, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத்தில் அறிவிக்குமாறு வேண்டுகிறேன்.’ சேவையில் இருந்த காலம் முழுவதும் நான் எழுதிய எந்தக் கடிதமும் இந்தத் தரத்துக்கு வரவில்லை. என் கடிதங்களில் எங்காவது ஓரிடத்தில் நான் எனக்காக ஒன்று கேட்டிருப்பேன்.

தபால்காரர் அன்று பின்னேரம் கடிதங்களைக் கொடுக்கப் புறப்பட்டபோது, கந்தோரை மூடிவிட்டு அம்மாவும் கூடப் போனார். பெற்றவர்களுட் பலருக்கு வாசித்துக்காட்ட ஆள் வேண்டும் அல்லவா? என்னையும் கையிற் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பரியாரியாரின் கடிதத்தை, பெறுபவர் காலமானார் என்று எழுதித் திருப்பி அனுப்புவதே விதி. அம்மா அதை மகனிடம் கொடுத்தார். அவர் மீறியதாக நான் அறிந்த ஒரே விதி அது.

தயிர் மாமி முற்றத்தில் முட்டி கழுவிக்கொண்டிருந்தார். கடிதம் என்றதும் எழும்பி, கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து, உறையை இரண்டு கையாலும் வாங்கி, அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். அம்மா வாசித்தார்: ‘தங்களால் அளிக்கப்பட்ட சாட்சியம் உண்மையானது என ஏற்றுக்கொள்ளப்படுகிறது. முன்னைய குறிப்பு இத்தால் நீக்கப்படுகிறது.’

“இன்னொருக்கா வாசிங்க மச்சாள்.”

அம்மா வாசித்தார். நான் வேலிக்கம்பில் சாய்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். எருமை ஒன்று மூச்சு விட்டது. இரண்டு வரிக் கடிதத்தை இவர்கள் ஏன் இவ்வளவு நேரம் வாசிக்கிறார்கள், பெரியவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

“இது வந்து சேந்த திகதி போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“அதையும் வாசிங்க. நாளைக்குப் பாதையில சொல்லோணும்.”

அம்மா உறையைத் திருப்பி, தான் குத்திய திகதி முத்திரையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, யன்னலுக்குள் இருந்து பேசும் அதே குரலில் வாசித்தார்:

“யூலை மாதம், ஒன்பதாந் திகதி.”